குப்பை ரயில் வந்த பாதையில் எழுந்த ஊர்



"உங்கள் ஊர் எது?" என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்லுகிறீர்கள்? மும்பையில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் நாங்குநேரி என்றோ, விழுப்புரம் என்றோ, சேலத்துப் பக்கம் என்றோதான் சொல்லுகிறார். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகள் பிறந்தது செம்பூரில், படித்தது கோவண்டியில், பேரப்பிள்ளைகள் விளையாடுவது மான்கூர்டில். அந்தப் பிள்ளைகளின் ஊரைப்பற்றி நமக்கு என்ன தெரியும்? தாத்தா காலத்துக் குளத்தை வெட்டியவர் யார் என்று சொல்லத் தெரிந்த நமக்கு, நாள்தோறும் ஏறி இறங்குகிற ரயில் நிலையம் எதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்லத் தெரிவதில்லை.

இது பொது அறிவுக்காகக் கேட்கப்படும் கேள்வியன்று. குடியிருந்த வரலாற்றைக் காட்ட முடியாதவன் குடியிருக்கும் உரிமையையே இழந்துபோன சம்பவங்கள் இந்நகரத்தில் அநேகம். ஆகையால் இம்மாதம் மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூர், டிராம்பே பகுதியின் கதையை உங்கள் முன் வைக்கிறேன். நீங்கள் பெங்களூரில் இருந்தாலும், புனேயில் இருந்தாலும், டில்லியில் இருந்தாலும் வாசியுங்கள். பெயர்கள் மாறும், கதை அதிகம் மாறாது.

நண்டுகளின் தீவு

இன்று அடுக்குமாடிக் கட்டடங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்திருக்கிற இவ்விடம் ஒரு காலத்தில் டிராம்பே என்னும் தனித்தீவாக இருந்தது. தீவைச் சுற்றிலும் உப்பங்கழியும் சதுப்பு நிலமும் அலையாத்திக் காடுகளும் இருந்தன. அத்தீவின் வடமேற்கு மூலையில் இருந்த சிற்றூரே செம்பூர். மராட்டியில் பெரிய நண்டுக்குச் 'சிம்போரி' என்று பெயர். அதிலிருந்தே ஊரின் பெயர் வந்தது என்று சொல்லுவார்கள். மாகுல், டிராம்பே ஆகிய ஊர்களில் கோலி இன மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலைவீசி வாழ்ந்தார்கள். இன்றும் அவர்களுடைய சந்ததியார் அங்கே இருக்கிறார்கள். இப்பகுதியில் 'நாங்கள் இவ்விடத்தார்' என்று சொல்லத்தக்கவர்கள் உண்டென்றால் அவர்கள்தான். மற்ற யாவரும் வந்தேறினவர்களே.

நகரம் வெளியே தள்ளியவை

இத்தீவுக்கு ரயில் வந்தது மனிதரை ஏற்றுவதற்காக அல்ல என்பதை அறிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். பம்பாய் நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதற்காகவே 1906-ஆம் ஆண்டு குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றை இருப்புப்பாதை போடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1924-இல்தான் அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் வந்தது குப்பை. அதன் பின்னரே மனிதர்!

1927-ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள தேவ்நார், நகரக் குப்பை கொட்டும் பெரிய மைதானமாயிற்று. நூறு ஆண்டுகளை நெருங்கும் அந்தக் குப்பைமேடு மலைபோல் உயர்ந்து நிற்கிறது. 2016 ஜனவரியில் அது தீப்பற்றி எரிந்தபோது மும்பை முழுவதும் புகை மண்டிற்று. அப்போதுதான் தங்கள் குப்பை எங்கே போகிறது என்பதைத் தென்மும்பையில் அநேகர் அறிந்துகொண்டார்கள். 1971-இல் மாநகராட்சியின் பெரிய இறைச்சிக்கூடமும் தேவ்நாருக்கே வந்து சேர்ந்தது.

நகரம் தனக்கு வேண்டாதவற்றை எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் நிலம் மலிவாக இருக்கும். மலிவான நிலத்தில்தான் ஏழை குடியேறுவான். நகரம் பிறகு வளர்ந்து வந்து அந்த நிலத்தையும் கேட்கும். இப்பகுதியின் நூறாண்டுக் கதை இதுதான்.

முகாமும் ஆலைகளும்

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது சிந்து மாகாணத்திலிருந்து வீடுவாசல் இழந்து வந்தவர்களைத் தங்கவைக்கப் பல முகாம்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று செம்பூரில் இருந்தது. வரிசை வரிசையான தாழ்ந்த கொட்டகைகளில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்ற நிலையில் அவர்கள் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 'செம்பூர் கேம்ப்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இன்று அங்கே கடைவீதியில் செழிப்பாக வியாபாரம் செய்கிற குடும்பங்களைப் பார்க்கிறவர்கள், அவர்களும் அகதிகளாய் வந்தவர்கள் என்பதை நினைப்பதில்லை.

1948-இல் நடிகர் ராஜ் கபூர் தமது ஆர்.கே. ஸ்டூடியோவை நிறுவிச் செம்பூருக்குப் பெயர் தேடித் தந்தார். அது 2017 செப்டம்பரில் தீவிபத்துக்குள்ளாயிற்று. 2019-இல் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆனால் ஊரின் முகத்தை மாற்றியது சினிமா அன்று, ஆலைகள். 1954-இல் ஸ்டான்வாக் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1955-இல் பர்மா ஷெல் ஆலையும் தொடங்கப்பட்டன. அவையே நாட்டுடைமையாக்கப்பட்டு இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்னும் நிறுவனங்களாயின. 1956-இல் டாடா அனல்மின் நிலையம் வந்தது. 1960-களில் உரத் தொழிற்சாலை எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக 1954-இல் ஹோமி பாபாவின் தலைமையில் டிராம்பே அணுசக்தி நிலையம் அமைக்கப்பட்டது. ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றாகிய அப்சரா, 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அங்கே இயங்கத் தொடங்கிற்று. பாபாவின் மரணத்துக்குப்பின் 1967-இல் அந்நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆலை வந்தால் ஆள் வரவேண்டும். ஆள் வந்தால் வீடு வேண்டும். 1955 முதல் பம்பாய் வீட்டு வசதி வாரியம் செம்பூரில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டிற்று. இன்றைய திலக் நகர், சுபாஷ் நகர், சஹகார் நகர் ஆகியவை அப்படி எழுந்தவையே. மாநகராட்சியின் எல்லையும் விரிந்தது. 1950-இல் அந்தேரி, காட்கோபர் வரையிலும், 1957-இல் தஹிசர், முலுண்ட் வரையிலும் புறநகர்கள் பெருநகரத்தோடு இணைக்கப்பட்டன.

ஆலைகள் வேலையோடு நச்சுக்காற்றையும் கொடுத்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த தொழிற்பகுதிகளை வரிசைப்படுத்தியபோது செம்பூரும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

தமிழர் வந்த வழி

இப்பகுதிக்குத் தமிழர் ஒரே வழியாக வரவில்லை. அலுவலக வேலைக்காகப் பம்பாய் வந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள் முதலில் மாடுங்காவில் கூடினார்கள். அங்கே இடம் நெருக்கமானபோது செம்பூருக்கு வந்தார்கள். அணு ஆராய்ச்சி மையத்துக்கு விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்தார்கள். வேறொரு கூட்டமோ கையில் ஒரு துணிமூட்டையோடு விக்டோரியா டெர்மினஸில் இறங்கி, கட்டட வேலை, துறைமுகக் கூலி, துப்புரவு, இட்லி வியாபாரம் என்று கிடைத்ததைச் செய்து, கிடைத்த இடத்தில் தங்கினது. ஒரே ஊரில் ஒரே மொழி பேசி வாழ்ந்தும், மாடியில் இருந்த தமிழரும் குடிசையில் இருந்த தமிழரும் ஒருவரையொருவர் அறியாதிருந்த காலம் நீண்டது. இது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று; ஆயினும் சொல்லவேண்டிய செய்தி.

1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தது. வேலையை அபகரிக்க வந்தவர்கள் என்று நம்மவர்கள் ஏசப்பட்டார்கள். உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. அன்றைய பயத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முடிவில் அது தேவைப்படும்.

ஜனதா காலனி

இனி இப்பகுதியின் வரலாற்றில் தமிழர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய அத்தியாயத்துக்கு வருவோம். சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில், நகருக்குள் குடிசை போட்டிருந்த ஏழைகளை அப்புறப்படுத்தி, மான்கூர்டில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே குடியிருங்கள் என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். அங்கே உருவான குடியிருப்புதான் ஜனதா காலனி. அம்மக்கள் அத்துமீறிப் புகுந்தவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள், கொண்டுவந்து விடப்பட்டவர்கள். சேற்று நிலத்தைத் தங்கள் கையால் மேடாக்கி, வீடும் கடையும் பள்ளியும் வழிபாட்டிடங்களும் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம்.

பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி மையம் விரிவாக்கத்துக்காக அந்த இடத்தைக் கேட்டது. 1967 முதல் காலனியை அகற்றும் பேச்சு எழுந்தது. எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கினவர் ஜோக்கின் அற்புதம் என்னும் இளைஞர். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; 1960-களின் தொடக்கத்தில் வேலை தேடிப் பம்பாய் வந்தவர்; படுக்க வீடில்லாமல் வாழ்ந்தவர். காலனியில் குப்பை அள்ளப்படாமல் குவிந்தபோது, பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமக்கச் செய்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன்னே கொண்டுபோய்க் கொட்டச் செய்தார். குப்பை ரயிலின் கதையை அறிந்த உங்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

நீதிமன்றம் சென்றார்கள், டில்லிக்குச் சென்று பிரதமர் இந்திரா காந்தியையும் சந்தித்து முறையிட்டார்கள். எனினும் 1976-இல், நெருக்கடி நிலை நாட்டில் நிலவிய நாட்களில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 மக்கள் வீடிழந்தார்கள். சற்றுத் தொலைவில் கடற்கழி ஓரத்துச் சதுப்பு நிலத்தில் அவர்களுக்குச் சிறுசிறு மனைகள் ஒதுக்கப்பட்டன. அவ்விடமே இன்றைய சீத்தா கேம்ப். மறுபடியும் சேற்றைத் தூர்த்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். இன்று அங்கே தமிழும் உருதும் மலையாளமும் இந்தியும் மராட்டியும் ஒரே சந்தில் கேட்கின்றன.

தோற்றுப்போன அந்தப் போராட்டம் வீணாய்ப் போகவில்லை. ஜோக்கின் அற்புதம் 1974-இல் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார். பின்னாட்களில் அவர் பெற்ற ஞானம் இதுதான்: வெறும் எதிர்ப்பு போதாது, மக்கள் தங்களைத் தாங்களே எண்ணி, வீடுகளைக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, கையில் ஆதாரத்தோடு அதிகாரிகளின் முன் அமரவேண்டும். இம்முறை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவிற்று. 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 2018 அக்டோபர் 13-ஆம் தேதி மும்பையில் காலமானார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஒரு தேதியின் மதிப்பு

ஜனதா காலனி இடிக்கப்பட்ட அதே 1976-இல், ஜனவரி 4-ஆம் தேதி, பம்பாயின் குடிசைகள் ஒரே நாளில் கணக்கெடுக்கப்பட்டன. பதிவானவர்களுக்குப் புகைப்பட அட்டை கொடுக்கப்பட்டது. அன்று வேலைக்குப் போயிருந்தவர், ஊருக்குப் போயிருந்தவர், "இந்தக் காகிதம் எதற்கு" என்று அலட்சியமாய் இருந்தவர் அட்டை பெறவில்லை.

அந்தக் காகிதம் எதற்கு என்பது ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1981-இல் நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை தொடங்கியபோது, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் நடைபாதைவாசிகள் சிலரும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். வழக்குத் தொடுத்த நடைபாதைவாசிகளில் ஒருவர், 1961-இல் சேலத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர். 1985 ஜூலை 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் அறிவித்தது. அதே தீர்ப்பு, நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. மாற்றிடம் கொடுக்கவேண்டும் என்று உறுதி செய்யப்பட்டதோ 1976 கணக்கெடுப்பில் பதிவு பெற்றவர்களுக்கு. ஒரு துண்டுக் காகிதத்தின் விலை எவ்வளவு என்று பாருங்கள்!

அதன்பின் தேதிகள் மாறிக்கொண்டே வந்தன. 1995 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததைக் காட்டினால் குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீடு என்றார்கள். 2014-இல் அந்த வரம்பு 2000 ஜனவரி 1 ஆக நீட்டப்பட்டது. அதற்குப் பின்னும் 2011 ஜனவரி 1-க்குள்ளும் வந்தவர்கள் பணம் செலுத்தி வீடு பெறலாம் என்று பிற்பாடு ஏற்பாடாயிற்று. 2023-இல் அத்தொகை இரண்டரை லட்ச ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஒரே சந்தில் எதிரெதிரே வாழும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு வீடு, மற்றொன்றுக்கு வெளியேறும் அறிவிப்பு. வித்தியாசம் ஒரு பழைய ரேஷன் கார்டு, அல்லது வாக்காளர் பட்டியலில் ஒரு வரி.

எண்கள் சொல்லுவது

1990-இல் பெருநகரம் மும்பை நகரம், மும்பை புறநகர் என இரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் நகர மாவட்டத்தின் ஜனத்தொகை 33,38,031-லிருந்து 30,85,411 ஆகக் குறைந்தது. புறநகர் மாவட்டமோ 86,40,419-லிருந்து 93,56,962 ஆகப் பெருகிற்று. மும்பை என்று நாம் சொல்லுவது இன்று பெரும்பாலும் புறநகரமே.

செம்பூர், டிராம்பே, கோவண்டி, மான்கூர்ட், தேவ்நார் ஆகியவை மாநகராட்சியின் எம்-கிழக்கு, எம்-மேற்கு என்ற இரண்டு வட்டங்களுக்குள் அடங்கும். 2011 கணக்கெடுப்பின்படி கிழக்கு வட்டத்தில் ஏறத்தாழ 8 லட்சம் பேர், மேற்கு வட்டத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இரண்டும் சேர்ந்தால் அன்றைய மதுரை மாநகராட்சியைவிடப் பெரியது. 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இந்தப் பழைய எண்களையே எல்லாரும் எடுத்தாளுகிறார்கள். 2009-இல் வெளியான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரத்தின் எல்லா வட்டங்களிலும் கடைசி இடம் பெற்றது எம்-கிழக்கு வட்டம். நாட்டின் உயர்ந்த அறிவியல் நிலையமும், எண்ணெய் ஆலைகளும், டாடா சமூக அறிவியல் கழகமும் அமைந்திருக்கிற அதே மண்ணில்தான் இந்நிலை!

மராட்டிய மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் 2011-இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது குறைவு. நம் பிள்ளைகள் இந்நகரத்தோடு கலந்துவருகிறார்கள். அவர்களுக்கு இந்நகரமே ஊர்.

இன்று தள்ளப்படுகிறவர்கள்

கதை முடிந்துவிட்டது என்று எண்ணாதிருங்கள். 2004 டிசம்பரிலும் தொடர்ந்த வாரங்களிலும் மும்பையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டன. மான்கூர்ட், கோவண்டிப் பகுதியும் தப்பவில்லை. 2017 முதல், தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாகுலில் எண்ணெய் ஆலைகளின் நிழலில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. காற்றின் கேட்டினால் நோயுற்ற அவர்கள் வழக்காடினார்கள். அங்கே வாழும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது, வேறு வீடு கொடுக்கவேண்டும், இல்லையேல் மாதம் 15,000 ரூபாய் வாடகைப்பணம் தரவேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது.

2024 அக்டோபரில் மாநில அரசு, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காகத் தேவ்நார் குப்பை மைதானத்தில் சுமார் 124 ஏக்கர் நிலத்தைக் கொடுக்க ஒப்புதல் அளித்தது. தாராவியிலேயே வீடு பெறும் தகுதியில்லாதவர்களைக் குடியமர்த்துவதற்காக அந்த நிலம். தாராவியில் நம்மவர் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1906-இல் குப்பை வந்த திசையில், நூற்றிருபது ஆண்டுகளுக்குப்பின், மனிதரை அனுப்பப் பேசுகிறார்கள்.

வாசகரே, நீங்கள் செய்யவேண்டியது

முதலாவது, உங்கள் குடும்பம் இந்நகரத்துக்கு வந்த கதையை எழுதிவையுங்கள். எந்த ஆண்டில், எந்த ரயிலில், யாரை நம்பி வந்தீர்கள். முதலில் எங்கே படுத்தீர்கள். யார் சோறு போட்டார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். பழைய ரேஷன் கார்டு, புகைப்பட அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் நகல் ஆகிய எதையும் செல்லாக்காசு என்று எறியாதிருங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இன்றே திருத்திக்கொள்ளுங்கள். மழைநீர் புகாத உறையில் வையுங்கள். ஒரு நகலை வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். பெண்களின் பெயரும் அக்காகிதங்களில் இருக்கட்டும். கணவன் இறந்தபின் அலுவலகம் அலுவலகமாக அலையும் விதவைகள் நம் நடுவில் அநேகர்.

மூன்றாவது காரியம் சற்றுக் கடினமானது. சொந்த ஃபிளாட்டும் மாதச் சம்பளமும் வந்தபின், நேற்று பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவனைப் பார்த்து, "இவர்களால்தான் ஊர் கெட்டுப்போயிற்று" என்று நம் வீடுகளிலும் பேச்சு கேட்கிறது. இதே சொற்களை 1960-களில் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். முகாமிலிருந்த சிந்தியர்களைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். மாகுலின் மீனவன் நம் எல்லாரையும் பார்த்து அப்படிச் சொல்லக்கூடும். ஆனால் அவன் இன்னும் வலையைத்தான் உலர்த்திக்கொண்டிருக்கிறான். பரதேசியாய் இருந்த நாட்களை மறவாதிருங்கள் என்பது வேதத்தை வாசிக்கிற நமக்குப் புதிய கட்டளையன்று.

உங்கள் சந்தில் அடுத்த மாதம் ஒரு புதுக் குடும்பம் வந்து இறங்கும். மொழி தெரியாது, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாது, ரேஷன் அலுவலகம் எங்கே என்று தெரியாது. உங்கள் தகப்பனாருக்கு அன்று அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் யாரோ ஒருவர். அந்த வேலையை இப்போது நீங்கள் செய்யுங்கள்.